பிரெஞ்சில் எட்டு மணி நேரம்

நஞ்சப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. அது போதாதென்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் விரலும் சும்மா இருக்காது. பாலக்கோடு ரோட்டில் இருக்கும் மாம்பழக் கூழ் கம்பெனி ஒன்றுக்கு அவர் மேனேஜர். பிரான்சிலிருந்து பெரிய ஆர்டர் வரும் போலிருக்கிறது என்றதும், யாரும் கேட்காமலேயே ஈமெயிலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: எங்களிடம் பிரெஞ்சு பேசும் ஊழியர் இருக்கிறார். அதோடு விட்டாரா என்றால் இல்லை, பக்கத்திலேயே சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டு அனுப்பினார்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. ஆர்டரை முடிவு செய்வதற்கு முன் தொழிற்சாலையைப் பார்க்க மதாம் ஒடில் என்ற அம்மா வியாழக்கிழமை வருகிறார். பிரெஞ்சு பேசும் அந்த ஊழியரோடு, அவருடைய வேலை நேரம் பற்றிப் பேச மிகவும் ஆவலாக இருக்கிறார். நஞ்சப்பன் அதை மூன்று தரம் படித்தார். மூன்றாம் தரம் படிக்கும்போதுதான் அவருக்கு வேர்த்தது.

பிரெஞ்சு பேசும் அந்த ஊழியர் பூவிழி. இருபத்தாறு வயது. வத்தல்மலை அடிவாரத்தில் அந்தோணியார் கோயிலைச் சுற்றி நூறு வீடு இருக்கிற ஊர். சித்தி ஒருத்தி புதுச்சேரியில் கன்னியாஸ்திரீயாக இருந்ததால் அங்கே கொண்டுபோய்க் காலேஜில் சேர்த்துவிட்டாள். தமிழை விட பிரெஞ்சில் மார்க் அள்ளிப் போடுவார்கள் என்று யாரோ சொல்ல, மொழிப் பாடமாக அதை எடுத்தாள். மார்க்கும் வந்தது. அதன் பிறகு நாலு வருஷமாக அந்த மொழிக்கு வாழ்க்கையில் ஒரு வேலையும் வரவில்லை. அவளுக்குத்தான் வேலை வந்துகொண்டே இருந்தது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் கூழை எடுத்து இனிப்பு அளந்து பார்ப்பது, அதை எழுதுவது, பழம் பொறுக்கும் பெண்களை மேய்ப்பது, மெஷின் நின்றால் மெக்கானிக்கைத் தேடி ஓடுவது எல்லாம் அவள் தலையில். இத்தனையும் தற்காலிகம் என்ற பெயரில்.

செவ்வாய்க்கிழமை நஞ்சப்பன் கூப்பிட்டுவிட்டார்.

"வாம்மா பூவிழி. ஒக்காரு."

அவள் உட்காரவில்லை. சீசன் ஆரம்பித்ததிலிருந்து உட்காருகிற பழக்கமே விட்டுப் போயிருந்தது. உட்கார்ந்தால் வலது கால் தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிடும். நிறுத்தச் சொன்னாலும் கேட்காது.

"அந்தம்மா எத்தினி மணி நேரம் வேல செய்றீங்கன்னு கேக்கும். எட்டு மணி நேரம்னு சொல்லிடு. அவ்ளதான். சிம்பிள்."

"சார், எட்டு மணி நேரம்னு எப்படிங்க..."

"ரிஜிஸ்டர்ல அதான இருக்குது?"

ரிஜிஸ்டரில் அதுதான் இருந்தது. காலை ஆறிலிருந்து ரெண்டு வரைக்கும் ஒரு ஷிப்ட், ரெண்டிலிருந்து பத்து வரைக்கும் ஒரு ஷிப்ட். காலை ஷிப்டில் நிர்மலா என்று கையெழுத்து இருக்கும். மதிய ஷிப்டில் அவள் நாத்தனார் பெயர் இருக்கும். நாத்தனார் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறாள். இந்தக் கம்பெனி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. இப்படி ஒவ்வொருத்திக்கும் ஒரு அக்காவோ தங்கச்சியோ ஆதார் கார்டோடு ரிஜிஸ்டரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ரெண்டு பெயருக்கும் ஒரே முதுகு.

"நான் சும்மா இருப்பன்னு நெனைக்காத," என்றார் நஞ்சப்பன். "போன்ல பாத்து ஒண்ணுலேருந்து இருவது வரைக்கும் பிரெஞ்சுல மனப்பாடம் பண்ணிட்டன். எட்டுக்கு உயித். அது என் காதுல வுழுவணும். பன்னெண்டுக்குத் தூஸ், பதினாறுக்கு செஸ். அதெல்லாம் வுழுவக் கூடாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு மேஜை டிராயரைத் தட்டிக் காட்டினார். "ஒன் பெர்மனென்ட் ஆர்டரு டைப் அடிச்சி உள்ளாற வெச்சிருக்கன். அந்தம்மா ரிப்போர்ட்டு நல்லபடியா வந்த அன்னிக்கே கையெழுத்து."

பூவிழி தலையாட்டிவிட்டு வந்தாள். டிராயருக்குள் இருந்த அந்தக் காகிதத்துக்காக அவள் ரெண்டு வருஷமாகக் காத்திருந்தாள். வீட்டில் அதற்காக அம்மா சாலம்மாள் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி கொளுத்தி, நேர்ந்துகொண்டு, கிட்டத்தட்ட அவரை மிரட்டியும் பார்த்துவிட்டாள்.

காலேஜில் படித்த பிரெஞ்சில் அவளுக்கு உருப்படியாக மிச்சமிருந்தது ஒரே ஒரு பாடம். 'என் வேலை நாள்' என்று பெயர். அதில் துய்ப்போன் என்றொரு ஆள் வருவார். ஏழு மணிக்கு எழுவார், காபி குடிப்பார், ரயிலைப் பிடிப்பார், ஒன்பதிலிருந்து வேலை செய்வார், செவ்வாய்க்கிழமை நீச்சலுக்குப் போவார். கடைசியில், நான் மிகவும் பிஸியான மனிதன் என்று அலுத்துக்கொள்வார். பரீட்சைக்காக அதை வரி விடாமல் நெட்டுருப் போட்டிருந்தாள். இப்போது துய்ப்போனைத் தூக்கிவிட்டுத் தன்னை அந்த இடத்தில் வைத்தால் போதும் என்று நினைத்தாள்.

ஆனால் உட்கார்ந்து யோசிக்க நேரம் ஏது? வாசலில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய லாரிகள் கேட்டிலிருந்து டீக்கடை வரைக்கும் நின்றன. பழம் யாருக்காகவும் காத்திருக்காது. இனிப்பு அளந்துகொண்டே, ழெ த்ரவாய் உயித் ஊர் என்றாள். படியிறங்கிக்கொண்டே ஒரு தரம், டேங்க் மூடியைத் திறந்துகொண்டே ஒரு தரம். நான் எட்டு மணி நேரம் வேலை செய்கிறேன். நான் எட்டு மணி நேரம் வேலை செய்கிறேன். அளந்த எண்ணை எழுத வேண்டிய இடத்தில் மூன்று தரம் எட்டு என்று எழுதிவிட்டு அடித்தாள்.

"என்னாடி, ஜெபமா?" என்றாள் நிர்மலா. பெல்ட்டில் ஓடுகிற பழங்களில் அழுகலைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். மாங்காய்ப் பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து தோலுரிந்திருந்தது.

பூவிழி விஷயத்தைச் சொன்னாள். நிர்மலாவின் கை நின்றது. அவள் கை நின்றதும் பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் கையும் நின்றது.

"அப்ப சொல்லேன்," என்றாள் நிர்மலா.

"என்னத்த?"

"வண்டியத்தான். வேற ஒண்ணும் வாணாம். வேல முடிஞ்சா வூட்ல கொண்டு போயி வுட ஒரு வண்டி. அந்தம்மா பாஷையில அந்தம்மாகிட்டயே சொல்லு. இவுருக்குத்தான் ஒண்ணும் புரியாதே."

விவகாரம் இதுதான். கம்பெனி வேலை முடிய ராத்திரி பத்தாகும். அவர்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கே போய்விடும். சரி, எப்படியோ போய்ச் சேர்ந்தாலும் காலையில் முதல் வண்டி கம்பெனி வாசலுக்கு வரும்போது ஆறேகால். கால் மணி நேரம் லேட் என்று அரை நாள் போய்விடும். ஆகவே பூவிழியையும் சேர்த்து அந்தப் பக்கத்துப் பெண்கள் பதினெட்டுப் பேரும் வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள். அட்டைப் பெட்டி கோடவுனில் படுத்து, அங்கேயே எழுந்து, மறுபடி பெல்ட்டில் வந்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வீடு. போன ஞாயிறு நிர்மலா வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுடைய ரெண்டரை வயது மகள் மாமியார் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். வா என்று கையை நீட்டினால் அழுகை. நிர்மலா இதைச் சிரித்துக்கொண்டேதான் எல்லாரிடமும் சொன்னாள். ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ஆர்டரு போயிட்டா?" என்றாள் பூவிழி. "அப்பறம் எல்லாரும் சேந்து என்னத் தோலுரிச்சிட மாட்டீங்க?"

பெல்ட்டின் மறுமுனையிலிருந்து சாலம்மாள்தான் பேசினாள். அவளும் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தி.

"நீ பெர்மனென்ட் ஆவுற வழியப் பாரு கண்ணு. வண்டி இல்லன்னு யாரும் செத்துப் போயிடல."

"ஒனக்கென்ன ஆத்தா, ஒன் புள்ள ஒன்கூடவே வேலைக்கி வருது," என்றாள் நிர்மலா. சாலம்மாள் குனிந்து அடுத்த பழத்தை எடுத்தாள்.

பூவிழிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. போன வருஷம் இதே நிர்மலா நஞ்சப்பனிடம் வண்டி கேட்டாள். நாளைக்குப் பாக்கலாம் என்றார். அந்த நாளை சீசன் முடிகிற வரைக்கும் வரவில்லை. அதன் பிறகு ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. தினம் நாலு தரம் அந்த அறைக்குப் போய் வருகிற பூவிழியும்தான் திறக்கவில்லை. அதை நினைத்தபோது கோபம் வந்த வழியே திரும்பி அவளிடமே வந்தது.

புதன்கிழமை கம்பெனிக்குத் திருவிழாக் களை வந்துவிட்டது. தரையைத் தேய்த்தார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கோடவுனில் இருந்த பெண்களின் துணிமூட்டை, சீப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் அள்ளி ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் போட்டார்கள். புதுத் தலையுறை, புதுக் கையுறை கொடுத்தார்கள். நஞ்சப்பன் அறைக்குள் நடந்துகொண்டே உன், தூ, த்ருவா என்று எண்ணிக்கொண்டிருந்தார். பூவிழி மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி இனிப்பு அளக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மதாம் ஒடில் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் மூக்கு சிவந்து தோலுரிந்திருந்தது. ரோஜாப்பூ மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பத்தே நொடியில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எதைக் காட்டினாலும் தலையாட்டினார். காட்டாததை எல்லாம் பார்த்தார். வாசலில் இறங்கிய உடனே எதிரிலிருந்த டீக்கடையைப் போட்டோ எடுத்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு டீக்கடை என்றாலே ஒரு இது என்று நஞ்சப்பன் எல்லாரிடமும் சொன்னார். மதாம் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி அதையும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தார். பிறகு மேனேஜர் அறையில் பூவிழியை உட்கார வைத்து, நாங்கள் இருவர் மட்டும் பேசுகிறோமே என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"எஸ் எஸ், நோ பிராப்ளம் மேடம்," என்று சொல்லிவிட்டு நஞ்சப்பன் அங்கேயே நின்றார்.

மதாம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் மதாமைப் பார்த்துச் சிரித்தார். வேறு வழியில்லாமல் மதாம் பூவிழி பக்கம் திரும்பினார்.

பிரெஞ்சு என்றால் நாலு வருஷத்துக்கு அப்புறம் கேட்கிற பிரெஞ்சு. முதல் ரெண்டு வாக்கியம் காதோரமாகப் போய்விட்டது. மேஜைக்கு அடியில் வலது கால் ஆட ஆரம்பித்தது. மூன்றாவது வாக்கியம் மட்டும் தெளிவாகப் புரிந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?"

"நான் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்கிறேன்," என்றாள் பூவிழி. உயித் என்ற சொல் கணீரென்று விழுந்தது. நஞ்சப்பன் முகம் மலர்ந்தது. பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. ரெண்டு நாள் ஜெபித்தது வீண் போகவில்லை.

மதாம் அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நோட்டை மூடினார். பேனாவையும் மூடி வைத்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நல்லது. வேலை முடிந்தது. இனி சும்மா பேசுவோம். இவ்வளவு தூரம் வந்து என் மொழியைக் கேட்கக் கிடைத்திருக்கிறது. நேற்று உங்கள் நாள் எப்படிப் போனது, சொல்லுங்களேன்," என்றார்.

பூவிழி துய்ப்போனைக் கூப்பிட்டாள். ஏழு மணிக்கு எழுந்தேன் என்று சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது. அப்போது கண்ணாடிக்கு வெளியே பெல்ட் தெரிந்தது. புதுக் கையுறை போட்ட நிர்மலா தலை குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தரம், ஒரே ஒரு தரம்தான், தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தாள்.

துய்ப்போன் ஓடிப் போய்விட்டார். ஆனால் எண்ணைச் சொல்ல முடியாது. எண் எல்லாம் நஞ்சப்பனுக்குத் தெரியும். அதனால் அம்மா எப்படி நேரம் சொல்வாளோ அப்படியே சொல்ல ஆரம்பித்தாள். சாலம்மாளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அவர்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். மீதிப் பேருக்குத் தெரிந்தாலும் பார்ப்பதில்லை. பால் வண்டி வந்ததா, முதல் வண்டி போனதா, பள்ளிக்கூட வண்டி திரும்பியதா என்றுதான் பேச்சு.

"எங்கள் ஊரின் முதல் பஸ் இந்த வாசலுக்கு வந்தபோது நான் வேலையில் இருந்தேன்," என்றாள் பூவிழி. சின்னச் சின்ன வாக்கியங்கள், பள்ளிப் பிள்ளை போல. "பிள்ளைகளின் பஸ் பள்ளிக்கூடம் போனது. நான் வேலையில் இருந்தேன். அந்த பஸ் திரும்பி வந்தது. நான் வேலையில் இருந்தேன். பால்காரர்களின் வண்டி காலையில் போனது, சாயங்காலம் போனது. பழம் பொறுக்கும் பெண்களும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். கடைசி பஸ் போனது. நாங்கள் அதன் சத்தத்தைக் கேட்டோம். அப்போதும் வேலை முடியவில்லை."

மதாம் அசையவில்லை. முகத்தில் சும்மா பேசுகிற சிரிப்பு அப்படியே இருந்தது. நஞ்சப்பனும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கடைசி பஸ் போன பிறகு எப்படி வீட்டுக்குப் போனீர்கள்?"

"நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை."

"எங்கே தூங்கினீர்கள்?"

படுக்கை என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் தெரியும். ஆனால் அங்கே படுக்கை இல்லையே. சாம்பிளுக்கென்று பிரான்சிலிருந்து வந்த பெட்டிகள் மடிக்காமல் தட்டையாகக் கிடந்தன. கெட்டியான அட்டை, குளிர் ஏறாது. பெண்கள் அதற்குத்தான் போட்டி போடுவார்கள்.

"அட்டையின் மேல்," என்றாள் பூவிழி. "உங்கள் கம்பெனியின் பெயர் அச்சடித்த அட்டை. அது நல்ல அட்டை, மதாம்."

மதாமின் சிரிப்பு அப்போதும் போகவில்லை. ஆனால் அதைப் பிடித்து வைத்திருக்க அவர் சிரமப்படுவது கன்னத்தில் தெரிந்தது. கையிலிருந்த மாலையில் ரெண்டு மூன்று இதழைப் பிய்த்தார். பிறகு எழுந்து, மிக்க நன்றி, உங்கள் பிரெஞ்சு அழகாக இருக்கிறது என்று நஞ்சப்பனுக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் சொன்னார்.

கார் கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், நஞ்சப்பன் மைசூர்பா டப்பாவை உடைத்தார்.

"பிச்சிட்டம்மா! என்னா வேகம், என்னா வேகம்! ஆமா, நடுவுல பஸ்ஸு பஸ்ஸுன்னு கேட்டுச்சே?"

"பஸ் வசதி பத்திக் கேட்டாங்க சார். காலைல மொத வண்டி இருக்குது, ராத்திரி கடைசி வண்டி இருக்குதுன்னு சொன்னங்க."

"கரெக்ட்டு. அதும் ஒரு வசதிதான," என்று சொல்லி இன்னொரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் பூவிழி தன் வசத்தில் இல்லை. ஆர்டர் போய்விட்டால் பெல்ட் நிற்கும், இருநூறு பெண்களும் வீட்டில் உட்காருவார்கள், இவளால்தான் என்று ஊரே காறித் துப்பும். ஆர்டர் வந்துவிட்டாலோ, அந்தம்மா கேட்டதை எல்லாம் காற்றில் விட்டுவிட்டார் என்று அர்த்தம். இதில் எது நடக்க வேண்டும் என்று அந்தோணியாரிடம் கேட்பது? நிர்மலா தினமும், "சொன்னியா?" என்றாள். முதல் நாள் பூவிழி, சொன்னேன் என்றாள். அடுத்த நாள், ஏதோ சொன்னேன் என்றாள். ஐந்தாம் நாள், "சும்மா இரேன், நீ வேற," என்று கத்திவிட்டாள். நின்றால் நடக்க வேண்டும் போலிருந்தது. நடந்தால் ஓட வேண்டும் போலிருந்தது. லேபில் ரெண்டு கண்ணாடிக் குடுவை உடைந்தது.

பத்தாம் நாள் காலை நஞ்சப்பன் கூப்பிட்டார். திரையில் ஒரு கடிதம், முழுக்கப் பிரெஞ்சில்.

"இது இங்கிலீஷ்லதான் வரணும். நீ இருக்கறன்னு தெரிஞ்சி அந்தம்மா அவங்க பாஷையிலயே போட்டுடுச்சி. படி, படி. போன்ல போட்டுப் பாத்தன், ஏதோ பஸ்ஸுன்னு வருது. ஒண்ணும் வெளங்கல."

பூவிழி நாற்காலியில் உட்கார்ந்து முதலில் மனதுக்குள் படித்தாள். தன் பெயர் எங்கே வருகிறது என்று கண் தேடிக்கொண்டே போனது. வரவில்லை. மறுபடி மேலிருந்து படித்தாள். ஒரு இடத்திலும் வரவில்லை.

"சத்தமா சொல்லும்மா."

"உங்க கூழ் தரமா இருக்குது, மெஷினெல்லாம் சுத்தமா இருக்குதுன்னு எழுதியிருக்காங்க சார். அப்பறம்... உங்க ரிஜிஸ்டர்ல பொம்பளைங்க ராத்திரி பத்து மணிக்கு வெளியில போறதா இருக்குது. எதுத்தாப்பல டீக்கடைச் சொவுத்துல பஸ் டைம் போர்டு இருக்குது. போட்டோ அனுப்பியிருக்கன். அதுல கடைசி வண்டி ஒம்பது பத்து. அப்ப இந்தப் பொம்பளைங்க எப்படி வூட்டுக்குப் போறாங்க? எங்க தூங்கறாங்க? பதினாலு நாளைக்குள்ள வண்டி ஏற்பாடு பண்ணிட்டு, அது எத்தினி மணிக்குக் கெளம்புது, டிரைவர் யாரு, அவுரு போன் நம்பர் என்னான்னு எழுதணும். ரிஜிஸ்டர்ல ரெண்டு ஷிப்ட் கையெழுத்தும் ஒரே கை போட்ட மாதிரி இருக்குது, ஒருத்தரே ரெண்டு ஷிப்ட் பாக்கறதயும் நிறுத்தணும். இல்லன்னா கன்டெய்னர எடுத்துக்க மாட்டோம். அவ்ளதாங்க."

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் சொன்ன எட்டு மணி நேரத்தைப் பற்றியும் இல்லை. எல்லாப் பழியையும் ஒரு ரிஜிஸ்டரின் மேலும் ஒரு டீக்கடைச் சுவரின் மேலும் போட்டு அந்தம்மா அவளைப் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்தார்.

"போர்டா!" நஞ்சப்பன் எழுந்துவிட்டார். "வெள்ளையடிச்சன், தரையத் தேச்சன், அந்தச் சனியன் புடிச்ச போர்ட அழிக்காம வுட்டுட்டன் பாரு!" அறையைக் குறுக்கும் நெடுக்கும் நாலு தரம் அளந்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தெளிந்துவிட்டார். "சரி, பதில் எழுதிடலாம். வண்டி இருக்குதுன்னு எழுது. பத்தே காலுக்குக் கெளம்புது. டிரைவரு பேரு மாயவன்னு போட்டுக்க. நம்பருக்கு ஒன் நம்பரையே குடு."

"என் நம்பருங்களா?"

"ஆமா. போன் வந்தா பிரெஞ்சுல பேசறதுக்கு நீதான இருக்கற." டிராயரைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் பேனாவை வைத்தார். "மெயில் போனதும் கையெழுத்து."

பூவிழி, அன்புள்ள மதாம் என்று அடித்தாள். காகிதத்தில் அவள் பெயர் முழுசாக, அப்பா பெயரோடு இருந்தது. கை அடுத்த எழுத்துக்குப் போகவில்லை. அறையில் ஏதோ ஒன்று குறைவது போலிருந்தது. என்னவென்று பார்த்தாள். வலது கால் ஆடவில்லை.

"சார்," என்றாள். "போர்டு சொல்லலீங்க. நான்தான் சொன்னன்."

"என்னாத்த?"

"எல்லாத்தயுந்தான். மொத வண்டிக்கு முன்னாடியே நிக்க ஆரம்பிக்கறோம், கடைசி வண்டி போயும் நிக்கறோம். வூட்டுக்குப் போறதில்ல. கோடவுன்ல அவங்க அட்ட மேலயே படுத்துக்கறோம்னு சொன்னன். நிர்மலா புள்ள அவளப் பாத்தா ஓடி ஒளியுதுங்க. அத மட்டும் சொல்லல. அதுக்குப் பிரெஞ்சுல எனக்கு வார்த்த வரல. இப்பச் சொல்றன்."

நஞ்சப்பன் அவளையே பார்த்தார். "நான் பக்கத்துல நிக்கறப்பவா சொன்ன?"

"ஆமாங்க சார். நீங்க சிரிச்சிக்கிட்டிருந்தீங்க."

சொல்லி முடித்தபோது பூவிழிக்கே ஆச்சரியமாக இருந்தது. கடல் தாண்டி வந்த ஒருத்தியிடம், கடல் தாண்டி வந்த ஒரு மொழியில், எண்ணை ஒளித்து வைத்துச் சொன்னது இது. எதிரில் இருக்கிற ஆளிடம் தமிழில் சொல்ல ரெண்டு வருஷம் ஆகியிருக்கிறது. சொல்லிப் பார்த்தால் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நஞ்சப்பன் காகிதத்தை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தாள். கிழிக்கவில்லை, டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எத்தினி மணிக்குன்னு சொல்லுங்க சார்," என்றாள் பூவிழி, விரலைப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு. "நெசமான டைமு. எழுதிடறன். இந்தத் தடவ நம்பர் போட்டுத்தான் எழுதணும்."

அவர் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாசலில் நின்ற லாரி வரிசையைப் பார்த்தார். இந்த ஊரில், இந்தப் பதினாலு நாளில், பிரெஞ்சு தெரிந்த இன்னொரு ஆளை எங்கே போய்ப் பிடிப்பது? போனை எடுத்தார்.

"மாயவா. ஆமா, நான்தான். ஒன் வேனு ராத்திரியில சும்மாதான நிக்குது? காலைல ஆறு மணிக்குள்ள திரும்பக் கூட்டிட்டு வரவும் வேணும்... இன்னிக்கேதான்யா." வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல், "பத்து இருவது," என்றார்.

ரெண்டு ஷிப்டை நிறுத்த இன்னும் பதினாலு நாள் இருக்கிறது, முதலில் வண்டி என்று பூவிழி எண்ணை அடித்தாள். ஒரு தரம் சரி பார்த்தாள். அனுப்பிவிட்டு எழுந்தாள். டிராயரைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அது வலித்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது இன்னும் வலித்தது.

பெல்ட்டில் நிர்மலா வழக்கம் போலத் தலையைத் தூக்கினாள். "சொன்னியா?"

"பத்து இருவது," என்றாள் பூவிழி.

"என்னாது பத்து இருவது?"

"நம்ம வண்டி. இன்னிக்கு ராத்திரிலேருந்து."

நிர்மலா கையுறையைக் கழற்றினாள். வெந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழங்கள் அவளைத் தாண்டி ஓடின, அழுகலும் நல்லதுமாக.

"அதுக்குள்ள புள்ள தூங்கிடுமேடி," என்றாள்.

"தூங்கட்டும். ஒரு தடவையாச்சும் பக்கத்துல படு."